மூணு பாஷையில் ஒரு கணக்கு

ராத்திரி பத்து மணிக்கு நண்பர் போன் செய்தார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிறாள். இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே போல்சானோ என்று ஒரு ஊர். அங்கே பொருளாதாரமும் மேலாண்மையும் சேர்ந்த மூன்று வருஷப் பட்டப்படிப்பு. சிக்கல் என்னவென்றால், சில பாடங்கள் ஜெர்மனில், சில இத்தாலியனில், சில ஆங்கிலத்தில்.

"பிசினஸ் படிக்க இங்கிலீஷ் போதாதா சார்? மூணு பாஷையில கணக்குப் போட்டா லாபம் மூணு மடங்காவா வரும்?" என்றார்.

நல்ல கிண்டல்தான். ஆனால் விஷயம் தெரியாத கிண்டல். அவரைச் சொல்லி என்ன பயன்? இப்படிப்பட்ட படிப்புகளை விற்கிற வழவழ விளம்பரத் தாள்களும் ‘பன்மொழித் திறன், பன்னாட்டு வேலைவாய்ப்பு’ என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்வதில்லை. பயோடேட்டாவில் ஒரு வரி கூடுவதற்காக யாரும் மூன்று வருஷம் அவதிப்பட வேண்டாம். அதற்குச் சாயங்கால வகுப்பு போதும்.

கிடைப்பது வேறு. ‘ஈவென்ச்சுவலி’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், தாமதமானாலும் கடைசியில் நடந்துவிடும் என்று அர்த்தம். அதே மாதிரி ஒலிக்கும் ஜெர்மன் ‘எவென்டுவெல்’லுக்கும் இத்தாலியன் ‘எவென்டுவால்மென்டே’வுக்கும், நடந்தாலும் நடக்கலாம் என்றுதான் அர்த்தம். தன் பாஷை ஞாபகத்தில் ஒருவர் ‘பாக்கியை ஈவென்ச்சுவலி தருகிறோம்’ என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால் போதும், இரண்டு கம்பெனிகள் வக்கீலைத் தேட வேண்டியதுதான்.

எண்ணாவது பொதுமொழியா என்றால் அதுவும் இல்லை. 1.500 என்பது ஜெர்மனிலும் இத்தாலியனிலும் ஆயிரத்து ஐந்நூறு, ஆங்கிலத்தில் ஒன்றரை. ஆங்கில பில்லியன் நூறு கோடி. ஜெர்மன் ‘பில்லியோன்’ லட்சம் கோடி! (நாம் 1,00,000 என்று கமா போடுவதைப் பார்த்து அமெரிக்கர் விழிப்பது தனிக் கதை.) இத்தாலியனில் ‘பிலான்ச்சோ’ என்றால் கம்பெனியின் ஆண்டுக் கணக்கும் அதுதான், அரசாங்கத்தின் பட்ஜெட்டும் அதுதான். ஜெர்மனில் ‘ஷுல்ட்’ என்ற ஒரே சொல்லுக்குக் கடன் என்றும் குற்றம் என்றும் பொருள். 2010-ல் கிரேக்க நாடு கடனில் மூழ்கியபோது இந்தச் சொல்லை வைத்தே ஐரோப்பாவில் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

இதையெல்லாம் மூன்று வருஷம் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு நல்ல சந்தேகப் புத்தி வந்துவிடும். சொல்லையோ எண்ணையோ கண்டவுடன் நம்பாது. யார் எழுதியது, எந்தச் சட்டத்தை வைத்து எழுதியது என்று கேட்கும். இதைத்தான் திறமை என்கிறேன்.

‘செல்போனிலேயே மொழிபெயர்ப்பு வந்துடுச்சே’ என்பீர்கள். வரட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது செல்போன் இல்லையே!

அந்த ஊரின் கதையையும் கேளுங்கள். தெற்கு டிரோல் என்ற அந்தப் பகுதி ஆஸ்திரியாவிடம் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின், 1919 ஒப்பந்தத்தில் இத்தாலிக்குப் போனது. 1920-களில் முசோலினி அரசு பள்ளிக்கூடங்களில் ஜெர்மனை ஒழித்துக்கட்டியது. ஜனங்கள் வீடுகளில் ஒளிந்து ஒளிந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1972-ல் விரிவான தன்னாட்சிச் சட்டம் வந்த பிறகுதான் ஓரளவு மூச்சு விட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே ஜெர்மன்காரர்கள் 69 சதவிகிதம், இத்தாலியர் 26. பாஷைக்காக இப்படிப் பட்ட ஊரில்தான் 1997-ல் இந்த மும்மொழிப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள்.

இத்தாலியின் ஆப்பிளில் ஏறக்குறைய பாதி அங்கேதான் விளைகிறது. பெரும்பாலும் சின்னச் சின்ன விவசாயிகள். கூட்டுறவுச் சங்கம் மூலமாக விற்கிறார்கள். விவசாயி பேசுவது ஜெர்மன். வரிச் சட்டம் ரோமிலிருந்து இத்தாலியனில் வருகிறது. வெளிநாட்டில் வாங்குகிறவனோ ஆங்கிலத்தில் பேரம் பேசுவான். சங்கக் கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து, ‘போன வருஷத்தைவிட ஏன் விலை குறைஞ்சுது?’ என்று கேட்டால், அவர் பாஷையில் அவருக்குப் புரிகிற மாதிரி கணக்குச் சொல்ல ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் மேலாண்மை படித்தவர் பவர்பாயின்ட் போட்டுக் காட்டுவார். விவசாயி தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் பணம், அவர் தோட்டம், ஆனால் கேள்வி கேட்க வழியில்லை!

இங்கிலீஷ் போதும் என்பவர்கள் அதே நாட்டிலும் உண்டு. மிலானில் உள்ள பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2012-ல், இனி முதுநிலைப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் என்றது. அதன் பேராசிரியர்களே வழக்குப் போட்டார்கள். 2017-ல் அரசியல் சாசன நீதிமன்றம், ஆங்கிலத்தில் நடத்துங்கள், ஆனால் இத்தாலியனை மொத்தமாக வெளியே தள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு.

மும்மொழி என்றதும் நம்ம ஊர்ச் சண்டையை இங்கே இழுக்காதீர்கள். ஒரு பாஷையைப் பாடமாகப் படிப்பது வேறு, அந்தப் பாஷையில் வட்டியும் வரியும் படிப்பது வேறு.

போல்சானோவும் சொர்க்கமில்லை. அதே மலையில் லாடின் பேசுகிற ஒரு சிறுபான்மை இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் அந்த மொழிக்கு இடம் கொடுத்தவர்கள் பொருளாதாரப் படிப்பில் மூன்றாவது நாற்காலியை ஆங்கிலத்துக்குத்தான் கொடுத்தார்கள். கணக்கில் புலியாக இருக்கிற பிள்ளை, மூன்றாவது பாஷையில் தடுமாறிப் பரீட்சையில் கோட்டை விடுவதும் உண்டு. இதை எந்த விளம்பரத் தாளும் போடாது.

நண்பரிடம் இத்தனையும் சொன்னேன். "அப்ப அனுப்பலாங்கறீங்க?" என்றார். முதல் வருஷம் ஒரு பேப்பர் போனால் வீட்டில் திட்டுவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவ அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்று போனை வைத்துவிட்டார்.