பேஸ்மென்ற் மணமும் சாம்பிராணிப் புகையும்

ஸ்காபரோவில் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த எவருக்கும் அந்த மணத்தை விளக்கத் தேவையில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்து பத்துப் படி கீழே இறங்கினால் முகத்தில் வந்து மோதும். ஈரச்சாக்கு, பழைய கொப்பி, காயாத துவாய் மூன்றும் ஒன்றாய்க் கலந்த மாதிரி ஒரு வாடை. இரண்டே நாளில் எங்கள் மூக்குக்குப் பழகிவிடும். மற்றவர்களின் மூக்குக்குத்தான் பழகுவதில்லை. "உன்ர ஜக்கெற் ஏன்டா இப்பிடி மணக்குது?" என்று வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் கேட்ட அன்றுதான் எனக்கே அது தெரியவந்தது. அந்த வெட்கத்தில்தான் இந்த ஆராய்ச்சி ஆரம்பமானது :-)

அப்போது நான் சின்னம்மா குடும்பத்தோடு ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தேன். மணத்துக்கு நாங்கள் செய்த வைத்தியங்களைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் சின்னம்மா சாம்பிராணி போடுவார். சித்தப்பா டொலர் கடையில் வாசனை ஸ்பிரே வாங்கி அடிப்பார். நான் என் பங்குக்கு பேக்கிங் சோடாவைக் கிண்ணத்தில் போட்டு மூலைக்கு மூலை வைத்தேன். கோடை வந்ததும் "காத்துப் பிடிக்கட்டும்" என்று எல்லா யன்னல்களையும் திறந்து வைத்தோம். மணம் போகவில்லை. போகாது என்பதோடு, இதில் சிலது மணத்தைக் கூட்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேஸ்மென்ற் மணம் ஒரு நாற்றப் பிரச்சினை அல்ல, தண்ணீர்ப் பிரச்சினை. மணத்தை மறைக்கிற ஒவ்வொரு வழியும் "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்வியைத் தள்ளிப்போடுகிற வழி. அந்தக் கேள்வியைக் கேட்டால் யாரோ ஒருவர் காசு செலவழிக்க வேண்டிவரும். அதனால்தான் வீட்டுக்காரரும் கேட்பதில்லை, குடியிருப்பவரும் கேட்பதில்லை.

முதலில் மணம் எதுவென்று பார்ப்போம். பூஞ்சணம் வளர மூன்று விஷயம் வேண்டும்: உணவு, அளவான சூடு, ஈரலிப்பு. உணவு வீடு முழுக்க இருக்கிறது. சுவர்ப் பலகையின் மேலொட்டிய கடதாசி, மரச்சட்டம், கார்ப்பெற்றில் படிந்த தூசி, ஊரிலிருந்து வந்த பெட்டிகளைக் கட்டிவைத்த அட்டை எல்லாமே அதற்குச் சாப்பாடு. சூட்டையும் நாங்கள் குறைக்கமுடியாது, குளிரில் விறைத்துப்போவோம். ஆகவே எங்கள் கையில் இருப்பது ஈரலிப்பு ஒன்றுதான். பூஞ்சணமும் அதன் கூட்டாளி நுண்ணுயிர்களும் வளரும்போது விடுகிற வாயுக்கள்தான் அந்த வாடை. அதில் ஜியோஸ்மின் என்றொரு பொருளும் சேர்ந்திருப்பதுண்டு. முதல் மழைக்கு மண் மணக்கும் என்று கவிதை எழுதுகிறோமே, அந்த மணத்திலும் இதே ஜியோஸ்மின் இருக்கிறது! வெளியே மண்வாசனை, உள்ளே நாற்றம். இரண்டுக்கும் பொதுவான சேதி ஒன்றுதான்: இங்கே ஈரம் இருக்கிறது.

ஈரம் எந்த வழியால் வருகிறது என்று கண்டுபிடிக்கச் சல்லிக்காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஓரடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்ரிக் தாளை வெட்டி, வெறும் சீமெந்துச் சுவரிலோ தரையிலோ வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நனைந்திருந்தால், தண்ணீர் வெளி மண்ணிலிருந்து சுவருக்குள்ளால் வருகிறது. தாளின் வெளிப்பக்கம், அதாவது அறைப் பக்கம் நனைந்திருந்தால், அறைக் காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. சுவரில் வெள்ளையாய்த் தூள் மாதிரி இருந்தால் அது பூஞ்சணம் அல்ல, உப்புப் பூத்திருக்கிறது. ஆனால் அதுவும் அந்தச் சுவருக்குள்ளால் தண்ணீர் போய் வருவதற்குச் சாட்சிதான்.

இனி யன்னலுக்கு வருவோம். ஊரில் வீடு ஈரமாய் இருந்தால் யன்னலைத் திறப்போம், காய்ந்துவிடும். அங்கே சுவரும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே சூடு. இங்கே யூலை மாதத்தில் வெளிக்காற்று 30 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று கிட்டத்தட்ட 21 பாகைக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி தண்ணீராகத் தொடங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கிற பேஸ்மென்ற் தரையும் சுவரும் பெரும்பாலும் அதைவிடக் குளிர். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்க்கிறதே, அதே கதைதான். ஆக, காற்றுப் பிடிக்கட்டும் என்று கோடையில் யன்னலைத் திறந்த நாங்கள், வீட்டுக்குள் தண்ணீரை விலையில்லாமல் இறக்குமதி செய்திருக்கிறோம்.

கோடையில் செய்யவேண்டியது நேர் எதிர். யன்னலைச் சாத்திவிட்டு டீஹியூமிடிஃபயரைப் போடவேண்டும். அதோடு ஈரப்பதன் காட்டும் சிறிய மீற்றர் ஒன்றையும் வாங்கி வையுங்கள், பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். வீட்டுக்குள் ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30க்கும் 50க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆலோசனை. எங்கள் மீற்றர் முதல்நாள் 74 காட்டியது!

பூஞ்சணம் ஏற்கெனவே பிடித்த இடங்களுக்கு ப்ளீச்தான் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். மேற்சொன்ன முகமையே அதை வழக்கமான முறையாகச் சிபாரிசு செய்வதில்லை. ரைல், பிளாஸ்ரிக் போன்ற வழுவழுப்பான இடமென்றால் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிட்டால் போதும். ஊறிப்போன கார்ப்பெற், அட்டைப் பெட்டி, சுவர்ப் பலகை என்றால் எறிவதைத் தவிர வழியில்லை. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைக் கொடுக்கும். பத்துச் சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் நாங்களாகக் கைவைக்காமல் தெரிந்தவர்களிடம் விடுவதுதான் புத்தி.

சரி, எங்கள் வீட்டுக் கதை என்னவாயிற்று?

வீட்டுக்காரரும் தமிழர்தான், நல்ல மனிதர். ஆனால் மணத்தைப் பற்றிச் சித்தப்பா வாய் திறந்தால் ஒரே பதில்தான் வரும். "நீங்கள் ஒவ்வொரு நாளும் மீன்குழம்பு வைக்கிறியள், சோறு அவிக்கிறியள், பிறகு மணக்காமல் என்ன செய்யும்?" சித்தப்பா பேசாமல் வந்துவிடுவார். 'வேறு இடம் பாருங்கோ' என்று சொல்லிவிட்டால்? அந்த வாடகைக்கு வேறெங்கே கிடைக்கும்? சின்னம்மாவின் கடைக்குட்டி இரவில் இருமிக்கொண்டே இருப்பான். அதற்கு பேஸ்மென்ற்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, நான் வைத்தியன் அல்ல. ஆனால் ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஒரு வழிகாட்டியாகவே வெளியிட்டிருக்கிறது. அதை வாசித்த பிறகு சாம்பிராணிப் புகைக்குள் அந்தப் பிள்ளை இருமுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அலுமாரியை இழுத்து அதன் பின்சுவரில் பிளாஸ்ரிக் தாளை ஒட்டினோம். இரண்டாம் நாள் சுவர்ப் பக்கம் முழுக்க முத்து முத்தாய்த் தண்ணீர். சித்தப்பா வீட்டுக்காரரைக் கீழே கூட்டிவந்து காட்டினார். "மீன்குழம்பு சுவருக்குள்ளால வராது அண்ணை" என்று மட்டும் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு இரண்டுபேருமாக வெளியே போய்ப் பார்த்தால், கூரைப் பீலியின் குழாய் சரியாக அந்த மூலையில், சுவரிலிருந்து அரையடி தள்ளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணும் வீட்டுப் பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முழுவதும் எங்கள் அலுமாரிக்குப் பின்னால்தான்!

இருபது டொலருக்கு ஒரு நீட்டுக்குழாய் வாங்கி ஆறடி தள்ளி விட்டார். மண் போட்டுச் சரிவை வெளிப்பக்கம் திருப்பினார். டீஹியூமிடிஃபயரை அவர் வாங்கித் தந்தார், கரண்டுக் காசில் பாதி எங்களுடையது. நாங்கள் ஊறிய கார்ப்பெற்றைக் கிழித்து எறிந்தோம், அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். ஒரு மாதத்தில் மீற்றர் 48க்கு வந்தது. மணம் ஒரே நாளில் போகவில்லை, மெல்ல மெல்லத்தான் போனது.

வீட்டுக்காரர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். றைஸ் குக்கர் ஆவி, விசிறி போடாத குளியல், உள்ளுக்குள் கொடி கட்டிக் காயவிட்ட உடுப்பு (ஒரு தடவை காயவிட்டால் ஒன்றிரண்டு லீற்றர் தண்ணீர் காற்றில் சேரும்) எல்லாம் எங்கள் கணக்கு. அதை நாங்கள் திருத்திக்கொண்டோம். ஆனால் சமையலைக் குற்றம் சொல்வது சுவரைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு சாட்டாகிவிடக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, வீட்டைக் குடியிருக்கத் தகுந்ததாகவும் திருத்தமாகவும் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. "மணக்குது என்று தெரிஞ்சுதானே வந்தனீங்கள்?" என்ற வாதமும் எடுபடாது, குறையை முன்பே தெரிந்து குடிவந்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே என்று அதே பிரிவு சொல்கிறது. சாதாரணச் சுத்தம் குடியிருப்பவரின் பொறுப்பு. ஒன்று கவனிக்கவேண்டும்: வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடென்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. திருத்தச் சொல்லிக் கேட்பதை எழுத்தில் கேளுங்கள், படமும் எடுத்து வையுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயமென்று தோன்றலாம். 2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 யூலை 16 அன்றும் அங்கே நூறு மில்லிமீற்றருக்குச் சற்றே குறைவான மழை. இரண்டு தடவையும் ரொறன்ரோவில் எத்தனையோ பேஸ்மென்ற்றுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்தவற்றை 24இலிருந்து 48 மணிநேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். வெள்ளம் வந்தால் எல்லோரும் ஓடிவருவார்கள். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு குவளை இரண்டு குவளையாக உள்ளே வருகிற தண்ணீரைப் பற்றிச் சொல்ல அந்த மணத்தைத் தவிர வேறு ஆளில்லை.

சின்னம்மா இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுகிறார். அது சாமிக்கு. உங்கள் வீடும் மணக்கிறதா? சாம்பிராணியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அலுமாரியை இழுத்துப் பாருங்கள்.