சாகப்போகிறவருக்குச் சவர்க்காரம் எதற்கு?

"எப்படியும் போகப்போகிற உயிர், இனிச் சுத்தம் எதற்கு, செலவு எதற்கு?" இப்படிக் கேட்போர் நம்மிடையே இருக்கின்றனர். கொடியவர் மட்டுமன்று, படித்தவரும் கேட்கின்றனர். அவர்களை நோக்கி நாம் ஒன்று வினவுகிறோம்: மரணம் உறுதியென்றால் வேதனையும் உறுதியாக வேண்டுமா?

எம்பிலிப்பிட்டிய மாவட்டப் பொது வைத்தியசாலையின் வாசலில் நின்று பாருங்கள். வளவை கங்கை நீரில் நெல் விளைவிக்கும் உழவரும் வருகின்றனர்; இறக்குவானைப் பக்கத்து மலைகளில் கொழுந்து பறிக்கும் தொழிலாளரும் வருகின்றனர். புற்றுநோய் முற்றிவிட்டால் இருவருக்கும் கிடைக்கும் விடை ஒன்றே: "வீட்டில் வைத்துப் பாருங்கள்." மகரகமையில் உள்ள சாந்த சேவன போன்ற அந்திமப் பராமரிப்பு இல்லங்கள் இந்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே லயக் காம்பிராவே ஏழையின் அந்திம இல்லமாகிறது.

எத்தகைய இல்லம் அது! ஒரே அறையில் அடுப்பு, குழந்தைகள், நோயாளி. தண்ணீருக்குப் பீலிக்கரை. ஒரே கை சோறு பிசைகிறது. அதே கை புண்ணைத் துடைக்கிறது. புரட்டிவிட ஆளில்லாமல் படுக்கைப்புண் ஆழ்கிறது. சிறுநீர்க் குழாயின் பை தரையில் கிடக்கிறது. கிருமி ஏறுகிறது, காய்ச்சல் வருகிறது, சித்தம் கலங்குகிறது. பெற்ற பிள்ளையை அடையாளம் காணாமலே தாய் கண் மூடுகிறாள். இதை விதி என்கிறார்கள். நாம் மறுக்கிறோம், இது புறக்கணிப்பு!

1847 ஆம் ஆண்டு வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தே பிரசவ வார்டில் மரணங்களைக் குறைத்துக் காட்டினார். அன்று அவரை எள்ளினார்கள். இன்று அவர் சொன்னதை மறுப்பார் இல்லை. ஆனால் தோட்டத்தில் அதைச் செய்வதற்கு வழி செய்வாரும் இல்லை!

செய்யவேண்டியவை மலைபோன்றவையா? நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல். கொதித்தாறிய உப்புநீரால் புண்ணைக் கழுவுதல். சிறுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுதல். ஊசியைத் தடித்த போத்தலில் இட்டு மூடுதல். இருமல் உள்ள வீட்டில் சன்னலைத் திறந்து வைத்தல். நாற்றங்காலில் நோய் பரவாமல் காக்கத் தெரிந்த உழவருக்கு இது விளங்காதா? விளங்கும். ஆனால் குழாயில்லாத வீட்டில் கை கழுவு என்பது உபதேசமன்று, பரிகாசம்.

ஏழை நாட்டால் இயலாதென்பர் சிலர். 1993 இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு சிகிச்சையகமாகத் தொடங்கிய பணி, அண்டை அயலாரையே தொண்டராக்கி வீடு வீடாகச் சென்றது. 2008 இல் கேரள அரசு அதனை அரச கொள்கையாகவே ஏற்றது. கேரளம் செல்வபுரியா?

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவையைக் கவனிக்கும் கடமையை 1912 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே நிர்வாகங்கள்மீது சுமத்தியது. ஒரு நூற்றாண்டு கடந்தும் "அது அரசின் வேலை" என்று கம்பனியும், "அது தோட்டத்தின் எல்லை" என்று அரசும் பந்தாடுவதை இனியும் பொறுக்க மாட்டோம்.

தொற்றின் பெயரால் உறவினரை விலக்கி, நோயாளியைத் தனிமையில் சாகவிடுவதையும் நாம் எதிர்க்கிறோம். கழுவிய கை அருகே வரட்டும். அந்தக் கையைப் பிடித்தபடியே அவர் போகட்டும்.

நாம் கேட்பவை மூன்று: லயத்துக்குள் குழாய்நீர், வாரந்தோறும் வீடு தேடி வரும், தமிழ் பேசும் தாதி, கையுறை, கட்டுத்துணி, சவர்க்காரம் அடங்கிய ஒரு பொதி. இம்மூன்றும் பிச்சையல்ல. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் தழும்பாகும்வரை உழைத்தவருக்கு இந்நாடு பட்ட கடன். கடனைத் தீர்க்கட்டும்!