அரை அங்குலமும் 13 மில்லிமீட்டரும்

ஆர்.கே.பேட்டையில் என் சிநேகிதர் ஒருவரிடம் பழைய அம்பாஸடர் கார் இருக்கிறது. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. ஆகையால் பழைய வண்டிகளின் நட்டுகளுக்கு அங்குல அளவு ஸ்பானரே வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். சிநேகிதரோ, "கிட்டத்தட்டச் சரிதானே!" என்று 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினார். நட்டின் மூலைகள் மழுங்கின; அப்புறம் உளியே கதியாயிற்று! பியட் வம்சத்துப் பத்மினியாயிருந்தால் மில்லிமீட்டர் ஸ்பானரே பொருந்தியிருக்கும்.

இது காசோடு போகிற நஷ்டம். ஜாக்கி விஷயம் அப்படியன்று. அது வண்டியைத் தூக்குவதற்கு மாத்திரம், தாங்குவதற்கல்ல. அதை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது யமனை விருந்துக்கு அழைப்பதாகும். உறுதியான இரும்பு ஸ்டாண்டு இரண்டும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டையுமே முதலில் வாங்கவேண்டியவை. இதைக் கேட்ட சிநேகிதரின் மனைவியார், ஸ்டாண்டு வந்து சேரும்வரை கருவிப்பெட்டியின் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருக்கிறார்.