பால் பல்லும் ஃபுளோரைடு அச்சமும்

"விழுந்து முளைக்கப் போகிற பல்தானே' என்கிற அலட்சியம் நாடு முழுவதும் உள்ளது. ஹைதராபாதில் அதனுடன் ஓர் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. குழந்தையின் பால் பல் சொத்தைக்கு ஃபுளோரைடு பூசலாம் என்று மருத்துவர் சொன்னால், "எலும்பை வளைத்துவிடுமே' என்று பெற்றோர் தயங்கினால் அதில் வியப்பில்லை. பக்கத்திலேயே நல்கொண்டா இருக்கிறது.

கருங்கல் பாறைகளிலிருந்து கசிந்த ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்த மாவட்டம் அது. பழுப்பேறிய பற்கள், நிமிர முடியாத முதுகுகள், வளைந்த கால்கள் என்று அது கொடுத்த விலை அதிகம். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தக் கால் வளைவைப் பற்றி 1973-லேயே எழுதினர். படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு நீரிலிருந்து ஃபுளோரைடை அகற்றும் முறைக்கு "நல்கொண்டா முறை' என்றே பெயர். கிருஷ்ணா நதி நீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகு நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வரும்வரை நமது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பட்டதும் இதே பாடுதான்.

ஆனால், குடிப்பது வேறு, பூசுவது வேறு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிக்கும்போதுதான் அது எலும்பில் சேர்ந்து ஊறு விளைவிக்கிறது. பல் மருத்துவர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், ஆண்டுக்கு இருமுறை, சில துளிகள் மட்டுமே. எச்சில் பட்டதும் பல்லின் மேலேயே உறைந்து, அமிலம் அரித்த இடத்தில் தாதுக்கள் மீண்டும் படிய உதவுகிறது. குழி விழுந்துவிட்ட பல்லுக்கு சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு இருக்கிறது. ஊசியும் வேண்டாம், துளையிடும் கருவியும் வேண்டாம். சொத்தையான பகுதி கறுத்துவிடும் என்பது உண்மை. அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதனை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

பால் பல் என்றாலும் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. சொத்தையால் அவற்றை முன்பே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின்னர் முளைக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகிறது. வலியால் உண்ணாமலும் உறங்காமலும் தவிக்கும் குழந்தையின் எடையும் படிப்பும் பாதிக்கப்படுவதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. (பற்பசை விளம்பரங்களில் பிரஷ் நிறையப் பிதுக்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு போதும்.)

தில்லியில் மத்திய சுகாதார அமைச்சகத்தின்கீழ் 2008-09 முதல் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் இருக்கிறது. 2014-15-ல் தேசிய வாய்நலத் திட்டமும் வந்தது. ஒன்றுக்கு ஃபுளோரைடு பகை, மற்றதற்கு மருந்து. இரண்டும் சரியே. ஆனால், ஒரே தாயிடம் இவ்விரண்டையும் சேர்த்து விளக்கும் பொறுப்பு யாருடையது?

இதற்குப் புதிய திட்டம் தேவையில்லை. 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை செல்ல வேண்டும் என்பது விதி. அவர்கள் கண்டறிய வேண்டிய நோய்களில் பல் சொத்தையும் ஒன்று. வார்னிஷ் பூச வேண்டியதும் ஆண்டுக்கு இருமுறைதான். கண்டறிந்து சீட்டு எழுதிக் கொடுப்பதுடன் நில்லாமல் அங்கேயே பூசிவிட அக்குழுக்களுக்குப் பயிற்சியும் மருந்தும் அளிக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் ஊர்களில் முதலில் தண்ணீரைச் சோதித்து, அளவு மிகுந்திருந்தால் மாற்று நீர் தருவதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

ஹைதராபாத் மாநகரிலும் நல்கொண்டா மாவட்டத்திலும் இதை ஒரே நேரத்தில் தொடங்கிப் பார்க்கலாம். அங்கன்வாடிச் சுவரில் அந்த ஊர்த் தண்ணீரின் ஃபுளோரைடு அளவை எழுதி வைப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடுகூடத் தேவைப்படாது.