தண்டிக்கும் முன் கற்றுக்கொடுத்தோமா?

2024ம் ஆண்டு சனவரி முதல் இரண்டு நாட்கள், வட இந்தியாவிலும் மேற்கு மாநிலங்களிலும் பெட்ரோல் நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. டேங்கர் லாரிகள் வரவில்லை. காய்கறிச் சந்தைகளுக்குச் சரக்கு வரவில்லை. லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டுச் சாலையில் அமர்ந்துவிட்டார்கள். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவில் இருந்த ஓர் உட்பிரிவுதான் அவர்களின் கோபத்திற்குக் காரணம். கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவரைச் சாகடித்துவிட்டு, காவல்துறைக்குத் தெரிவிக்காமல் தப்பி ஓடினால் பத்து ஆண்டுகள் வரை சிறை என்றது அது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்து ஆண்டு சிறையா என்று ஓட்டுநர்கள் கேட்டார்கள். மத்திய அரசு பேச்சு நடத்தியது, வேலைநிறுத்தம் முடிந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்த நாட்களில் தொலைக்காட்சிகளில் நடந்த விவாதங்கள் எல்லாம் தண்டனையைப் பற்றியே இருந்தன. பத்து ஆண்டுகள் அதிகமா, குறைவா? ஓட்டுநர் குற்றவாளியா, பலியாடா? இவற்றுக்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. பல டன் எடையுள்ள இரும்பை ஓர் இளைஞரின் கையில் ஒப்படைக்கும் முன், அவருக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்தோம்? அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழகம். 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 பேர். 2023ல் நாடு முழுவதும் இறந்தோர் எண்ணிக்கை 1 இலட்சத்து 72 ஆயிரத்தைத் தாண்டியது. இவை அனைத்தையும் லாரி ஓட்டுநர்கள் தலையில் கட்டுவது அநியாயம். இரு சக்கர வண்டிகள், கார்கள், பேருந்துகள், மோசமான சாலைகள் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு கனரக வாகனம் தவறினால், எதிரே இருப்பவர் பிழைப்பது அரிது.

கிளீனர் என்ற பள்ளிக்கூடம்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று சொன்னாலே லாரிதான் நினைவுக்கு வரும். பாடி கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் என அந்த வட்டாரமே சக்கரத்தின் மேல் வாழ்கிறது. அங்கே ஓட்டுநர் ஆவதற்கு நெடுங்காலமாக ஒரே வழிதான் இருந்தது. முதலில் கிளீனராக ஏற வேண்டும். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இழுத்து இறுக்குவது, டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றை அறிவது, ஏற்றத்தில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, பின்னால் நின்று 'வரட்டும், வரட்டும்' என்று குரல் கொடுப்பது. இப்படிச் சில ஆண்டுகள் போன பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத நெடுஞ்சாலையில் ஒருநாள் இரவு, டிரைவர் அண்ணன் ஸ்டீரிங்கைக் கொடுப்பார்.

இந்த முறையை நாம் புகழ வேண்டியதில்லை. குறைந்த கூலியும், ஏச்சும் பேச்சும், உரிமம் இல்லாமல் ஓட்டும் சட்டமீறலும் அதில் இருந்தன. நல்ல பழக்கத்தோடு கெட்ட பழக்கமும் சேர்ந்தே கைமாறியது. டீசல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுவது அப்படிக் கைமாறிய ஒன்று. தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கங்களில் இதன் விளைவைப் பலமுறை பார்த்துவிட்டோம். நியூட்ரலில் உருளும் வண்டியை எஞ்சின் தடுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. அழுத்த அழுத்த பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. கடைசியில் ஓட்டுநர் மிதிக்கிறார், வண்டி நிற்பதில்லை.

குறைகள் இருந்தாலும் அந்த முறையில் காலம் என்ற ஒன்று இருந்தது. அனுபவசாலியின் பக்கத்தில் அமர்ந்து, மழையையும் மூடுபனியையும் மலைப்பாதையையும் சில ஆண்டுகள் பார்த்த பிறகே ஒருவர் தனியாக வண்டி எடுத்தார். இன்று அந்தப் பக்கத்து இருக்கை காலியாகி வருகிறது. தேசிய பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதி 2018ல் தளர்த்தப்பட்டது. அதே ஆண்டு, லாரிகள் ஏற்றக்கூடிய எடையின் வரம்பு ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. டீசல், சுங்கக் கட்டணம், வங்கித் தவணை என்று நெருக்கடியில் இருக்கும் சிறு உரிமையாளர், இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் நிறுத்திவிடுகிறார். பாரம் கூடியது, பக்கத்தில் இருந்த ஆள் குறைந்தார்.

தாளில் இருக்கும் பயிற்சி

கிளீனர் முறை மறையும் இடத்தில், முறையான பயிற்சி வந்து அமர்ந்ததா? 1989ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், கனரக வாகனப் பயிற்சிக்குக் குறைந்தது 30 நாட்கள் என்றும், அதில் வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது என்றும் எழுதப்பட்டது. 15 மணி நேரம் என்பது ஒரு லாரி ஓட்டுநர் ஓரிரு நாட்களில் சாலையில் செலவிடும் நேரம். அந்தச் சிறிய அளவும்கூட எல்லா ஓட்டுநர் பள்ளிகளிலும் முழுமையாகக் கிடைக்கிறதா என்பதை, பயிற்சிக்குப் போய் வந்த இளைஞர்களிடம் கேட்டாலே தெரியும்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. பயிற்சி பெரும்பாலும் பாரம் ஏற்றாத லாரியில்தான் நடக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி வேறு ஒரு விலங்கு. அது நிற்க அதிக தூரம் வேண்டும். வளைவில் அதன் சுமை ஒரு பக்கம் தள்ளும். டேங்கர் பாதி நிரம்பியிருந்தால், பிரேக் போட்ட பிறகும் உள்ளே இருக்கும் திரவம் முன்னே பாய்ந்து வண்டியைத் தள்ளும். டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போகாமல் உள்ளே ஒடுங்கும். அந்த இடத்தில் ஒரு மிதிவண்டி நின்றால் ஓட்டுநரின் கண்ணாடியில் அது தெரியவே தெரியாது. இவற்றை எல்லாம் புதியவர் எங்கே கற்கிறார்? வேலைக்குச் சேர்ந்த பிறகு, நம் எல்லாரோடும் ஒரே சாலையில்.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனப் பயிற்சி அளித்து வருகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் பயிற்சி நிலையம் உள்ளது. 2021ம் ஆண்டு ஜூலை முதல், அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. இவற்றில் கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம். சாலையைத் திரையில் காட்டும் சிமுலேட்டரும் தனிப் பயிற்சித் தடமும் இருக்க வேண்டும். இங்குத் தேறியவர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் கற்றுக்கொடுப்பவரே தேர்ச்சி வழங்குபவராகவும் ஆகும்போது, அரசின் கண்காணிப்பு தளர்ந்தால் 38 மணி நேரமும் தாளிலேயே நடந்து முடிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2003ல் வகுத்த விதிப்படி, தொழில்முறை லாரி ஓட்டுநருக்கான தொடக்கப் பயிற்சி 280 மணி நேரம். விரைவுப் பயிற்சி என்றாலும் 140 மணி நேரம். அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரம் மறுபயிற்சி. நாம் நிற்கும் இடத்தை இந்த எண்களே சொல்கின்றன.

நம் நாட்டில் கதவுகள் மேலும் அகலமாகத் திறக்கப்பட்டு வருகின்றன. ஓட்டுநர் உரிமத்திற்கு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019ல் நீக்கப்பட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இலகுரக வாகன உரிமம் பெற்றவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வாகனத்தைத் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. ஏழை இளைஞருக்கு வேலை கிடைக்கும் வழி என்ற வகையில் இவை இரண்டிலும் நியாயம் உண்டு. நாட்டில் 22 இலட்சம் ஓட்டுநர்கள் குறைவாக உள்ளதாக மத்திய அமைச்சர் நிதின் கட்காரி கூறியிருக்கிறார். ஆனால், கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு, உள்ளே வருபவரைப் பயிற்றுவிக்கும் கடமையும் உண்டு.

கனடா தந்த பாடம்

2018ம் ஆண்டு ஏப்ரல் 6ம் தேதி, கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஒரு லாரி, நிறுத்தக் குறியீட்டைக் கவனிக்காமல் சாலைச் சந்திப்புக்குள் நுழைந்தது. ஹம்போல்ட் நகர இளையோர் ஹாக்கி அணியினர் சென்ற பேருந்து அதன்மேல் மோதியது. 16 பேர் இறந்தனர். லாரியை ஓட்டியவர் இந்தியாவில் இருந்து சென்ற இளைஞர். வேலையில் சேர்ந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. இரண்டு டிரெய்லர்கள் இணைந்த அந்த வண்டியை ஓட்ட அவருக்குக் கிடைத்த பயிற்சி, சில வாரங்களுக்குள் முடிந்த ஒன்று. அவர் குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். பாதுகாப்பு விதிகளை மீறிய லாரி உரிமையாளருக்குக் கிடைத்தது 5,000 டாலர் அபராதம். 2019 மார்ச் மாதத்தில் அந்த மாநிலம், புதிய ஓட்டுநர்களுக்கு 121.5 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அந்த விதி ஓர் ஆண்டு முன்னதாக வந்திருந்தால்?

எட்டு ஆண்டும் ஐயாயிரம் டாலரும். பயிற்சி இன்மையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். நம் ஊரிலும் கதை அதுதான். கற்றுக்கொடுத்தால் ஓட்டுநர் வேறு வண்டிக்குப் போய்விடுவார் என்று உரிமையாளர் தயங்குகிறார். சரக்கு அனுப்பும் பெரிய நிறுவனம் குறைந்த வாடகையை மட்டும் பார்க்கிறது. காப்பீட்டு நிறுவனம் விபத்துக்குப் பின்தான் வருகிறது. ஆறு வாரக் கூலியை இழந்து பயிற்சிக்குப் போக, ஏழை வீட்டு இளைஞரால் முடிவதில்லை. ஆக, யாரும் கொடுக்காத அந்தச் செலவை, கடைசியில் அவரும், எதிரே வந்த குடும்பமும் சேர்ந்து கட்டுகிறார்கள்.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கொடுக்கலாம். பாரம் ஏற்றிய வண்டியிலும், மலை இறக்கத்திலும், இரவிலும் ஓட்டுவதைப் பாடத்தில் கட்டாயமாக்கலாம். உரிமம் பெற்ற முதல் சில மாதங்கள் மூத்த ஓட்டுநரோடு மட்டுமே நெடுந்தூரம் போக அனுமதிக்கலாம். நல்ல மூத்த ஓட்டுநரைப் பயிற்சியாளராக மதித்து ஊதியம் தரலாம். பயிற்சி பெற்ற ஓட்டுநரை வைத்திருக்கும் உரிமையாளருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை தரலாம். தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்தும் நம் நிறுவனங்களும் இத்துறையைத் திரும்பிப் பார்க்கலாம்.

2007ம் ஆண்டு ஜூன் மாதம், வத்திக்கானின் புலம்பெயர்ந்தோர் மேய்ப்புப்பணி அவை, சாலை மேய்ப்புப்பணிக்கென வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வாகன ஓட்டிகளுக்கான பத்துக் கட்டளைகள் அதில் இருந்தன. அவற்றில் முதலாவது, கொலை செய்யாதிருப்பது. விபத்துக்குக் காரணமானவரும் பாதிக்கப்பட்டவரும் தகுந்த நேரத்தில் சந்தித்து மன்னிப்பின் விடுதலையை உணர உதவ வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. ஹம்போல்ட்டில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களில் சிலர், அந்த ஓட்டுநரை மன்னித்ததாக வெளிப்படையாகவே கூறினர். வேறு சிலரால் முடியவில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

மன்னிப்பு பெரிய காரியம். ஆனால் மன்னிக்க வேண்டிய நிலையே வராமல் தடுப்பது அதற்கு முந்தைய கடமை. அடுத்த முறை, 'ஓட்டுநர் தப்பி ஓட்டம்' என்ற செய்தியைப் படிக்கும்போது, அவரைப் பிடித்தார்களா என்று மட்டும் கேட்காமல், அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றும் கேட்போம், அன்பர்களே. அந்தக் கேள்வியைப் பலரும் சேர்ந்து கேட்டால்தான், அரசும் உரிமையாளரும் சரக்கு அனுப்புபவரும் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.