ஏராவை அறியாத தாள்கள்

காணி நிலம் வாங்குகின்ற தமிழ் உழவனுக்கு ஆவணம் தமிழில் எழுதப்பெறுகின்றது. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே புறம்போக்கு என்று நான்கெல்லையும் படித்துக் காட்டப்பெறும்போது, எழுத்தறியாதவனும் காதால் கேட்டுப் பிழையிருந்தால் அங்கேயே மறுத்துரைக்கின்றான். அவன் உடன்பிறப்பாகிய மீனவன் படகு வாங்கும்போது நடப்பது என்ன? வங்கியின் கடன்தாள், காப்பீட்டுத் தாள், பொறியோடு வருகின்ற கையேடு ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அவன்முன் நீட்டப்பெறுகின்றன. கையொப்பம் இடவேண்டிய இடத்தைச் சுட்டுவிரல் ஒன்று காட்டுகின்றது. அவன் இடுகின்றான். நிலம் யாரையும் மூழ்கடிப்பதில்லை; படகு நான்கைந்து உயிர்களைச் சுமந்து அலைமேல் செல்வது. உயிர் சுமக்கும் பொருளுக்குத்தான் புரியாத தாள்!

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பெற்றது 1956-இல். அச்சட்டம் பிறந்த ஆண்டில் பிறந்த மீனவச் சிறுவன் இன்று கடலுக்குப் போதலை நிறுத்திப் பேரனுக்கு வலை பின்னக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருப்பான். சட்டமோ இன்னும் கரையைத் தொடவில்லை. படகின் பக்கத்தில் தீட்டப்பெறும் பதிவெண்ணைப் பாருங்கள்: நாட்டின் பெயரும் தமிழ்நாட்டின் பெயரும் ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கி நிற்கின்றன. கடலில் எல்லா நாட்டாரும் படிக்கவேண்டுமே என்பர். படிக்கட்டும், அதனருகே தமிழையும் தீட்டுவதற்கு எவ்வளவு வண்ணம் செலவாகிவிடும்?

இனி, அறியாமை யார் பக்கம் என்பதைப் பார்த்தல் வேண்டும். பழம்படகு ஒன்றை விலைபேச வந்த மீனவன் தாளைத் தொடுமுன் படகைத் தொடுகின்றான். முதலில் ஏராவின்கீழ்க் குனிந்து பார்ப்பான். ஏரா என்பது படகின் அடிமுதுகெலும்பு. அது வளைந்திருந்தால் மற்றவை எவ்வளவு நன்றாயிருப்பினும் அப்படகு நேரே ஓடாது. பின்னர் வங்குகளை, அஃதாவது விலாவெலும்புபோல் உள்வளைந்து நிற்கும் கட்டைகளை, ஒவ்வொன்றாகத் தட்டுவான். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கருவேலங்கட்டையா, நேர்மரத்தை அறுத்து வளைவாக்கியதா என்பதைக் கண்ணாலேயே அறிவான். அறுத்ததில் நாரோட்டம் அறுந்திருக்குமாதலின் அலையடியில் அவ்விடத்தில்தான் முறியும். பலகை அயினியா, வேம்பா, வாகையா என்று பார்ப்பான். கத்திமுனையால் நீர்க்கோட்டருகே குத்துவான். முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் உளுத்துவிட்டது என்று பொருள். ஆணித்தலையைச் சுற்றித் துருவின் கறை வழிந்திருக்கின்றதா, பலகைப் பொருத்துகளில் பஞ்சும் குங்கிலியமும் இறுகியிருக்கின்றனவா, பிதுங்கி நிற்கின்றனவா என்று நோக்குவான். விற்பவன் அண்மையில் புதுவண்ணம் பூசியிருந்தால் அவனுக்கு மகிழ்ச்சி வராது, ஐயமே வரும்.

(பொருத்தடைத்தலைக் கலப்பற்று என்பது கரைவழக்கு. சுக்கானைப்போல் இச்சொல்லும் கடல்வழி வந்த அயற்சொல்லே என்பர். வந்தேறிச் சொல்லென்று அதைமட்டும் பிடித்துக்கொண்டு மீனவனைத் திருத்தப் புறப்படும் தனித்தமிழன்பர் எவரேனும் இருப்பின், முதலில் அவனிடமுள்ள நூறு தனித்தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு பிறகு அந்த ஒன்றைப்பற்றிப் பேசட்டும்.)

எந்தப் படகு எந்தக் கரைக்கு என்பதும் அவனுக்குத் தெரியும். அலை ஓயாது புரண்டடிக்கும் சோழமண்டலத்துத் திறந்த மணற்கரைக்கு நீரைத் தன்னூடே வழியவிட்டு மூழ்காது மிதக்கும் கட்டுமரம் பொருந்தியது. பாக்கு நீரிணையின் ஆழமற்ற அமைதியான நீருக்கு வல்லம் பொருந்தியது. வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் எத்திங்களில் எப்படி வீசும், நீவாடு எனப்படும் நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும் என்பவற்றோடு சேர்த்தே அவன் படகைத் தெரிவு செய்கின்றான். இவையனைத்தையும் அவன் தமிழில்தான் அறிந்திருக்கின்றான். சொல் போனால் இவ்வறிவும் உடன்போகும். ஏரா என்ற சொல்லை மறந்தவன் ஏராவைப் பார்க்கவும் மறப்பான்.

மறதி தொடங்கிவிட்டது என்பதற்குக் கண்ணாடியிழைப் படகே சான்று. 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையைத் துடைத்துச் சென்றபின், உதவ வந்தோர் வழங்கிய படகுகளில் பெரும்பகுதி கண்ணாடியிழைப் படகுகள். கரையில் 'பைபர்' என்றாலே போதும். உதவிய நெஞ்சங்களைக் குறைகூறுதல் அறமன்று. ஆயினும், விரைந்து விரைந்து வார்க்கப்பெற்ற படகுகளுள் இழையும் பசையும் குறைத்து மெல்லிதாக வார்த்தனவும் இருந்தன. மரப்படகின் குறையைக் கத்திமுனையால் கண்டவனுக்கு இப்புதுப்பொருளின் குறையை எப்படிக் காண்பது என்று அவன் மொழியில் சொல்லிக்கொடுத்தவர் எத்துணைப் பேர்?

சொல்லியிருக்கலாம், அரிதன்று. விரல்முட்டியால் படகின் மேனியெங்கும் தட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் ஓசை மங்கி மத்தென்று கேட்கும். அங்கே இழையடுக்குகள் ஒன்றையொன்று விட்டு ஏடுவிட்டிருக்கின்றன என்று அறியலாம். நீர்க்கோட்டின்கீழ்க் கொப்புளங்கள் எழும்பியிருந்தால் நீர் மேனிக்குள் புகுந்துவிட்டது. பொறியைத் தாங்கும் பின்பலகையில் வெடிப்போ ஆட்டமோ இருப்பின், உள்ளிருக்கும் மரம் ஊறியிருக்கலாம். அதைச் சரிசெய்யும் செலவை விலையிலிருந்து கழித்தே பேசவேண்டும். பொறியின் மசகெண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. புகை நீலமானால் மசகெண்ணெய் எரிகின்றது. கரியநிறமானால் டீசல் முழுதும் எரியாமல் வீணாகின்றது. இத்துணையும் தமிழில் சொல்லப்பெற்றதனால் எவ்வறிவியல் குறைந்துபோயிற்று? 'ஏடுவிடுதல்' என்பதை ஒருமுறை கேட்ட மீனவன் மறவான். அதற்குரிய ஆங்கிலச் சொல்லை நூறுமுறை கேட்டாலும் அவனுக்கு அது வெறும் ஒலிதான்.

'தமிழில் சொல் இல்லை' என்று கூறுவோர் அலுவலகத்தில் இருக்கின்றனர். அவர்கள் கடற்கரைக்குச் சென்று கேட்டதில்லை. சென்று கேட்டவன் ஓர் ஆங்கிலேயன்! சென்னை மாநிலத்தின் மீன்துறைத் தலைவராயிருந்த சேம்சு ஆர்னெல் கரைகரையாகச் சென்று படகுகளை ஆராய்ந்து 1920-இல் இந்தியப் படகுகளைப்பற்றி நூலெழுதினார். அதன்பின் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் சென்னையில் அமர்ந்து, கரையேறும் படகுகளை வரைந்தும் கட்டியும் ஆய்ந்தது, அறிக்கைகளும் எழுதியது. எழுதிய மொழி ஆங்கிலம். எவன் படகை அளந்தார்களோ அவனால் படிக்கமுடியாத அளவை!

அவர்களாவது அயலார். தமிழ்ப்புலவர் என்ன செய்தனர்? சங்க நூல்களில் திமிலும் அம்பியும் பஃறியும் வருகின்றன என்று வகுப்பறையில் உரைவிரித்தனர். ஆங்கிலேயன் நம் கட்டுமரத்திடம் சொல்லைக் கடன்வாங்கிக்கொண்டான் என்று மேடைதோறும் முழங்கினர், கைதட்டலும் பெற்றனர். கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தின் கட்டைகளை அவிழ்த்துக் காயப்போடுவது ஏன் என்று கேட்டால் அவருள் எத்துணைப் பேர் விடைகூறுவர்? புதுச்சொல் ஆக்குவதற்கு வேர்ச்சொல் அகரமுதலியைப் புரட்டுகின்ற கை, கரையில் உயிரோடு வழங்கும் சொல்லைப் பொறுக்க நீளவில்லை. மீனவன் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கியது ஆங்கிலம் அன்று, புலமைச் செருக்கே.

இதனால் விளையும் கேடு பெருந்தொகையாகும்போது இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. பாக்கு நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடற் படகு தரும் திட்டம் 2017-இல் வந்தது. படகொன்றின் விலை 80 இலக்கம் உருபா எனக் கணக்கிட்டனர். நடுவணரசு 40 இலக்கம், தமிழக அரசு 16 இலக்கம், வங்கிக்கடன் 16 இலக்கம், மீனவன் கையிலிருந்து 8 இலக்கம். இப்படகுகளுட் சில கொச்சிக் கப்பல்கட்டுந் துறையில் கட்டப்பெற்றன. தன் ஊர்த் தச்சனருகே அமர்ந்து ஒவ்வொரு வங்கும் ஏறுவதைப் பார்த்துப் பழகியவன், தான் காணாத இடத்தில் கட்டிய படகுக்குத் தான் படிக்காத தாளில் 16 இலக்கத்திற்குக் கடனாளியாகின்றான். தொழிலும் புதிது: சூரைமீனுக்கு நெடுந்தூண்டில் விடுதல். அதையும் 'லாங்லைனர்' என்றே சொல்லி அவனை மருட்டுகின்றனர். 'ஆயிரங்கால் தூண்டில்' என்று தமிழகக் கரையில் வழங்கும் சொல்லை எடுத்திருந்தால், ஓ, அதுவா என்று அவன் உடனே கேள்விகள் கேட்கத் தொடங்கியிருப்பான். ஒருமுறை போய்வர எத்துணை டீசல், எத்துணைப் பனிக்கட்டி, எத்துணை நாள், மீன் கிடைக்காத திங்களில் தவணை எப்படி என்று கேட்டிருப்பான். கேள்வி கேளாத கடனாளியை விரும்புவோர்க்கு ஆங்கிலம் நல்ல திரை.

பழம்படகு வாங்குவோனுக்கு இடர் இன்னும் மிகுதி. படகின்மேல் முன்னவன் வாங்கிய கடனுக்கு அப்படகே ஈடாக நிற்கின்றதா என்பது தாளில்தான் தெரியும். எவ்வளவு தட்டினாலும் பலகை அதைச் சொல்லாது. பதிவு யார் பெயரில் உள்ளது, மீன்பிடி உரிமம் நாள் கடந்ததா, எந்நிலையில் காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்பவையும் அப்படியே. காப்பீட்டுத் தாளின் அப்பகுதிதான் மிகச் சிறிய எழுத்தில், மிகக் கடுமையான ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். இடையில் ஒரு தரகன் தோன்றி, 'எல்லாம் சரியாக இருக்கின்றது, அண்ணே' என்கின்றான். அந்த ஒரு தொடருக்காகத் தரகு வாங்கிக்கொள்கின்றான். தமிழ்த்தாள் இருந்தால் அவனுக்கு அங்கே வேலை ஏது?

ஆகவே வேண்டுவது பெரிய மாநாடன்று. படகு விற்பனைக்குத் தமிழில் ஒரு மாதிரி ஆவணம் வேண்டும். நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவதுபோல் படகுக்கு அணியம், ஏரா, வங்கு, பலகை, பின்பலகை, பொறி என ஒவ்வோர் உறுப்பின் நிலையும் அதில் எழுதப்பெறல் வேண்டும். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் தம் தாளைத் தமிழில் தந்து, படித்துக்காட்டிய பின்னரே கையொப்பம் பெறல் வேண்டும். மீன்துறை இதனைச் செய்யாது காலங்கடத்துமாயின், கடலோர ஊர்களிலுள்ள தமிழாசிரியர்கள் செய்யலாம். மாலையில் கரைக்குச் சென்று தச்சரிடமும் மீனவரிடமும் உறுப்புப்பெயர்களைக் கேட்டெழுதுவதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. பழுதுபார்ப்பும் விலைபேச்சும் மிகுதியாக நடப்பது அப்பொழுதே. படகுகள் கரையேறிக் கிடக்கும். குனிந்தால் ஏராவைப் பார்க்கலாம்.