காய்ந்த மணற்றரைக்கு எந்தப் பூஞ்செடி?

நற்பிட்டிமுனையிலே மேற்கே நோக்கின் வயல்வெளி. கிழக்கே சென்றாற் கல்முனைக் கடற்கரை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குடியிருப்பு வளவுகள் பலவற்றில் மண் மணற்பாங்கானது. மாரியிற் பெய்யும் நீர் அதனூடே விரைவில் இறங்கிவிடும். இட்ட எருவின் சத்தையும் உடன்கொண்டு செல்லும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ அதே மணல் நண்பகலிற் கால் வைக்கவொண்ணாதபடி கொதிக்கும். மரக்கறிப் பாத்திகளைக் கிணற்றடியில் அமைத்து நீரூற்றிக் காப்பாற்றும் கமக்காரர், மதிலோரம், கடப்படி, தென்னையடி ஆகிய இடங்களை ஒன்றுக்கும் உதவாதவை எனக் கைவிட்டு விடுகின்றனர். கூட்டித் துப்புரவாக்கிய வெண்மணல் முற்றம் அழகானதுதான். அதனைக் கெடுக்குமாறு யாம் கூறவில்லை. ஆனால், காற்று மணலை வாரியெடுப்பதும் மழைநீர் அரித்துச் செல்வதுமான மூலைகளை வெறுமையாக விடுதல் நன்றன்று.

இத்தகைய மூலைக்கு ஒரு செடி வேண்டுமென்று கேட்பவர்க்கு அயலவர் உடனே முறித்துக் கொடுப்பது, பெரும்பாலும் தாமாகவே படர்ந்து பெருகும் ஒன்றாகவே இருக்கும். இங்கேதான் எமக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. நீருமின்றிப் பசளையுமின்றிக் காய்ந்த மணலிலே வேலி தாண்டிப் பரவும் செடி, ஈரமும் சத்தும் உள்ள நல்ல நிலத்தை அடைந்தால் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

நாயுண்ணி, உண்ணிச்செடி என வழங்கப்படும் இலந்தானாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வெப்பநாடுகளுக்குரிய இச்செடி, பூவின் அழகுக்காகவே 1826 ஆம் ஆண்டிற் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் வழியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பழத்தை உண்ட பறவைகள் விதையை நாடெங்கும் தூவின. இன்று உடவளவைத் தேசிய பூங்காவிலே யானைகள் மேய்ந்த புல்வெளிகளை இது மூடி நிற்கின்றது. மேய்ச்சற்றரை குறைந்துவரும் எமது பகுதியிலே மாடு வளர்ப்போர் இதனைச் சிறிதும் அலட்சியம் செய்தலாகாது. புல்லில்லாக் காலத்தில் இதன் இலையைத் தின்ற மாட்டின் ஈரல் கெடும், பின்னர் வெயில் படும் இடங்களிலே, சிறப்பாக வெள்ளை மயிர் உள்ள இடங்களிலே, தோல் வெந்து உரியும், மாடு இறப்பதுமுண்டு. ஒரு பூங்காவில் நட்ட அழகுச்செடி இரண்டு நூற்றாண்டாகத் தரும் தொல்லை இது.

மஞ்சட் பூவுடன் பாய் விரித்தாற்போல் நிலத்தை மூடும் வெடேலியாவும் அத்தகையதே. எமது மஞ்சட் கரிசலாங்கண்ணிக்கு இது நெருங்கிய உறவுச் செடியாயினும் அதுவேயன்று. இதன் தாயகமும் அமெரிக்க வெப்பநாடுகளே. தண்டின் ஒரு கணு விழுந்தாலும் அவ்விடத்திலே வேர் கொள்ளும். வெட்டிய கொடியை வாய்க்காலில் எறிபவர், அதனைத் தம் வயலுக்கே அனுப்புகின்றனர் என்று கொள்ளலாம்.

இவற்றுக்குப் பதிலாக மணல்வளவுக்கு யாம் விரும்பிக் கூறுவது நித்தியகல்யாணியை. பட்டிப்பூ என்றாலும் இதுவே. மடகாசுகர்த் தீவிலிருந்து வந்த இச்செடி ஒன்றரை முதல் இரண்டடி வரை வளர்ந்து, ஆண்டு முழுவதும் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும். தமிழ்நாட்டிற் சிலர் இதனைச் சுடுகாட்டு மல்லி என்பர். சிங்களத்திலும் பிணப்பூ எனப் பொருள்படும் பெயரே வழங்குகின்றது. கவனிப்பாரற்ற இடங்களிலும் உயிர் பிழைத்துப் பூப்பதே இப்பெயர்கட்குக் காரணம் போலும். குறையாகச் சொல்லப்பட்ட அக்குணமே எமக்கு வேண்டிய குணம். விதை செடியின் அடியிலே விழுந்து முளைக்குமாயினும், மிகுதியான நாற்றுக்களைக் கையாற் பிடுங்கிவிடலாம்.

நடும் காலம் முக்கியமானது. இச்செடி வரட்சியைத் தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது, அடிதண்டு அழுகிச் சாய்ந்துவிடும். ஆதலின், கார்த்திகை, மார்கழிப் பெருமழையில் நடாமல், மழை தணிந்த தை மாதக் கடைசியில், மண்ணின் ஈரம் வற்றுமுன் நடுதல் நலம். விதையை மண்ணால் மெல்லிதாக மூடுக. ஒளி படாதவிடத்து அது நன்கு முளைக்கும். நான்கைந்து இலை விட்டதும் ஓரடிக்கு ஒன்றாக நட்டு, நுனியைக் கிள்ளிவிட்டாற் பக்கக் கிளைகள் எழுந்து நிலம் மறையும். வேர்கொள்ளும் வரை, ஏறக்குறைய மூன்று வாரம், நீரூற்றுதல் வேண்டும். குழியில் ஒரு கையளவு மக்கிய மாட்டெரு போதும். இரசாயனப் பசளை இட்டால் இலையே மிகும், பூ குறையும். நீர் தேங்கும் தாழ்ந்த மூலையாயின் இதனை நடாதீர்கள். அங்கே பொடுதலை படரட்டும். உப்புக்காற்று நேரே அறையும் கடற்கரை மணலுக்கோ, தானாக வளரும் அடம்பன் கொடியை அழிக்காது விடுதலே போதும்.

நித்தியகல்யாணியிலும் அபாயம் இல்லாமலில்லை. கத்தரியிலே இலைகள் சிறுத்துக் குஞ்சம்போலாகிக் காயே பிடியாமற்போகும் சிற்றிலை நோயைக் கமக்காரர் கண்டிருப்பர். வைரசினால் வருவதென நெடுங்காலம் கருதப்பட்ட இவ்வகை நோய்கட்குக் காரணம் பைற்றோபிளாசுமா என்னும் வேறோர் நுண்ணுயிர் என்பதை 1967 இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். இலைத்தத்தி என்னும் பூச்சி அதனைச் செடிக்குச் செடி காவும். நித்தியகல்யாணியும் இந்நோய்க்கு இடங்கொடுக்கும். ஆராய்ச்சி நிலையங்களில் இந்நுண்ணுயிரை உயிருடன் பேணுவதற்கே இச்செடியை வளர்ப்பதுண்டு. ஆதலின் கத்தரிப் பாத்தியின் ஓரத்திலே இதனை அழகுக்காக நடுதல் பெரும் பிழையாகும். பூ வீட்டின் முன்புறத்திலும் மரக்கறி பின்புறத்திலுமாக இருக்கட்டும். பூக்கள் பச்சை நிறமாகி, இலை சிறுத்துக் காணப்படும் செடியை, பூச்சி பறந்து செல்லுமுன், அன்றே வேருடன் பிடுங்கி எரித்துவிடுக.

வயல் வரம்பில் நடலாமா என்று கேட்போரும் உளர். வரம்பிற் பூச்செடி வளர்த்தல் நல்ல முறையே. தாய்லாந்து, சீனா, வியற்நாம் ஆகிய நாடுகளில் எள் முதலிய தேன்பூச் செடிகளை வரம்பிலே வளர்த்தபோது, பூச்சிநாசினி தெளித்தல் 70 சதவீதம் குறைந்ததாகவும் விளைச்சல் 5 சதவீதம் கூடியதாகவும் 2016 இல் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. நெற்பயிரின் பகைப்பூச்சிகளை அழிக்கும் சிறு குளவிகட்கு அப்பூக்கள் உணவளிப்பதே காரணம். நித்தியகல்யாணியின் தேனோ ஒடுங்கிய நீண்ட குழாயின் அடியில் உள்ளது. வண்ணத்துப்பூச்சியின் நீண்ட நாக்குக்கு எட்டுவது சிறு குளவிக்கு எட்டாது. மேலும், மாரியில் வரம்பின் ஈரமும் அதற்கு ஆகாது. வரம்புக்கு எள்ளே தகும்.

இன்னுமொன்று கூறாது விடுதல் தகாது. நீரிழிவுக்கு நல்லதெனக் கருதி இதன் இலையையோ பூவையோ அவித்துக் குடிப்பவர் எம் ஊர்களில் உளர். அந்த நம்பிக்கை பல நாடுகளிலும் இருந்தது. 1952 இல் யமேக்காத் தீவிலிருந்து இவ்விலை கனடாவுக்கு அனுப்பப்பட்டதும் அதனாலேயே. ஆனால், அங்கே சோதித்தபோது எலிகளின் குருதியில் வெண்கலங்கள் குறைந்து, அவை நோய்கண்டு மடிந்தன. அவ்வழியாற் பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாசுத்தீனும், பின்னர் கிடைத்த வின்கிறித்தீனும் இன்று புற்றுநோய்க்கு வைத்தியசாலைகளில் அளவறிந்து ஏற்றப்படும் மருந்துகள். அத்தகைய நஞ்சுகள் உள்ள இலையை வீட்டு அடுப்பில் அளவின்றி அவித்துக் குடித்தல் உயிருக்கு ஆபத்தானது. ஆடுமாடு இதனை முகர்ந்துவிட்டு விலகுவதைப் பார்த்திருப்பீர்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் விளையாடும் முற்றத்தை விட்டுத் தள்ளி, மதிலோரத்தில் நடுதல் நலம். செடியை வெட்டிய பின்னர் கையைக் கழுவுதலும் வேண்டும்.